மிளகாய் தின்றால் கொலஸ்ட்ரால் கரைந்துவிடுமா?

அது அப்படியே உண்மையாக இருந்தால் நம்மூர் ஆஞ்சியோ லேபுகளை எப்போதோ இழுத்து மூடியிருக்க வேண்டும். காலையில் காரச் சட்னி, மத்தியானம் குழம்பு, ராத்திரி இட்லிக்கு மிளகாய்ப்பொடி. நாம் மிளகாயைத் தொடாத வேளை ஏது? இருந்தும் அப்படிக் கரையும் என்று சொல்லும் வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஓய்வதாக இல்லை. "இத்தாலி விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள்" என்ற வரியோடு இந்த வாரம் மறுபடியும் எங்கள் குடும்பக் குரூப்புக்கு வந்தது.

முழுப்பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பாதி உண்மை என்பதுதான் கடுப்பு.

இத்தாலியின் மொலீசே பகுதியில் 22,811 பேரை எட்டு வருடம் போலப் பின்தொடர்ந்து, 2019 கடைசியில் முடிவை வெளியிட்டார்கள். வாரத்தில் நாலு தடவைக்கு மேல் மிளகாய் சேர்த்துக்கொண்டவர்களிடம், சேர்க்காதவர்களைவிட இதய, ரத்தக்குழாய் நோயால் வரும் சாவு 34 சதவீதம் குறைவு. ஃபார்வர்டு இங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் அதே ஆய்வுதான் இன்னொன்றும் சொல்கிறது: இதய நோய் அபாயத்தைக் கணிக்க வழக்கமாகப் பார்க்கும் ரத்த அளவுகளெல்லாம் சேர்ந்தும் இந்த வித்தியாசத்தில் கொஞ்சத்தைத்தான் விளக்கின. மிளகாய் நல்லது செய்திருந்தாலும் கொலஸ்ட்ராலைக் குறைத்துத்தான் செய்தது என்று சொல்ல அதில் இடமில்லை.

பின்னே இந்தக் "கரைக்கும்" கதை எங்கிருந்து வந்தது? ஒரு மூலம் வெள்ளெலி. 2012-ல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகக் குழு ஒன்று, கொலஸ்ட்ரால் மிகுந்த தீனியோடு மிளகாயின் காரச் சத்தான கேப்சைசினையும் அதன் உறவுச் சேர்மங்களையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. கெட்ட கொலஸ்ட்ரால் குறைந்தது, நல்லதில் கைவைக்கவில்லை. அருமையான முடிவுதான். ஆனால் மருந்துக்குப் பதிலாக மிளகாய் என்று கிளம்பிவிடாதீர்கள் என்று அந்தக் குழுவே சொல்லிவிட்டது. ஸ்டென்ட் வைத்த எங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொன்னால், "எலிக்கே ஒத்துக்கிட்டதுடா, எனக்கு ஏன் ஒத்துக்காது?" என்கிறார். "எலிக்குன்னுதான் பெரியப்பா நானும் சொல்றேன். ராத்திரி மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றேன். நல்லவேளை, நிறுத்தவில்லை.

எனக்கு இதில் பெரிய கேள்வி வேறு. மொலீசேயில் மிளகாய் தின்பவரும் உண்டு, தொடாதவரும் உண்டு. அதனால் ஒப்பிட முடிந்தது. தமிழ்நாட்டில் மிளகாயே தொடாதவர்களை எந்த ஊரில் போய்த் தேடுவது? சீனாவில் கிட்டத்தட்ட 5 லட்சம் பேரிடம் செய்து 2015-ல் வெளியான ஆய்வையும் பாருங்கள். அநேகமாகத் தினமும் காரம் சாப்பிட்டவர்களிடம் மொத்த இறப்பு 14 சதவீதம் குறைவு. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் சாப்பிட்டவர்களிடமே 10 சதவீதம் குறைவு. அதில் எவ்வளவு மிளகாயின் வேலை, எவ்வளவு அவர்களின் மற்றப் பழக்கவழக்கங்களின் வேலை என்று இந்த வகை ஆய்வால் பிரித்துச் சொல்லவும் முடியாது. மிளகாயால் லாபம் இருந்தால் அது ஏற்கெனவே நம் கணக்கில் வரவு வைத்தாயிற்று. இதற்கு மேல் காலையில் வெறும் வயிற்றில் ரெண்டு பச்சை மிளகாயைக் கடித்தால் கிடைக்கப்போவது நெஞ்செரிச்சல்தான். உடம்பு இளைக்க மிளகாய் கேப்சூல் விழுங்குவதும் வேண்டாம். அப்படி விழுங்கிய ஆரோக்கியமான இளைஞர் ஒருவருக்கு மாரடைப்பே வந்ததைத் துருக்கி மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஃபார்வர்டில் வராத ஆய்வு ஒன்றுதான் நமக்கு உபயோகப்படும். 2017-ல் சீனாவில் 606 பேரிடம் செய்தது. காரம் விரும்பிச் சாப்பிடுபவர்கள் உப்பைக் குறைவாகச் சேர்த்துக்கொண்டார்கள். மேல் பிரஷர் 8 புள்ளி, கீழ் பிரஷர் 5 புள்ளி குறைவாக இருந்தது. காரம் பட்டால் மூளை கொஞ்ச உப்பையே தூக்கலாக உணர்கிறதாம். இதயத்துக்கு மிளகாய் உதவும் வழி என்று கேட்டால் எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. நாமோ காரத்தையும் உப்பையும் பிரிக்கவே விடுவதில்லை. மோர் மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். காம்போடு லேசாகக் கீறி, உப்புக் கரைத்த கெட்டி மோரில் ஊறப்போட்டு, பகலில் வெயில், ராத்திரி மறுபடி அதே மோர் என்று மோர் வற்றும்வரை விடுகிறோம். அத்தனை உப்பும் அந்தத் தோலுக்குள்தான் போகிறது. பிறகு எண்ணெயில் கறுக்கப் பொரித்து, ஏற்கெனவே உப்புப் போட்ட தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறோம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்க 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. ஊறுகாய் பாட்டில் பக்கம் நான் போகவே இல்லை.

இந்த வெயிலுக்கு மோர் மிளகாய் போடுவது பற்றி வீட்டில் பேச்சு நடந்தது. உப்பைப் பாதியாக்கலாமே என்றேன். பூஞ்சை பிடிக்கும் என்றார் அம்மா. நியாயம்தான். கடைசியில் மோர் மிளகாய்க்குக் கை வைக்காமல், அது இருக்கிற அன்றைக்குத் தயிர் சாதத்தில் உப்பே போடுவதில்லை என்று முடிவானது. அப்பா மட்டும் இன்னும் உப்பு ஜாடியைத் தேடுகிறார்.