கதிரைக்காக எழுதவில்லை

ஞாயிறு எங்கள் பக்கத்துக் கழகங்களின் கிரிக்கெட் இறுதிப் போட்டியில் கதிரையில் இருந்து ஸ்கோர் குறித்துக்கொண்டிருந்தேன். "பிரதம விருந்தினரோட ஆக்கள் வருகினம், எழும்புங்கோ அண்ணை" என்றார்கள், எழும்பினேன். மிச்ச ஓவர்களை வேலியோரம் வெயிலில் நின்று, கொப்பியை முழங்கையில் தாங்கிக்கொண்டுதான் குறித்தேன். கதிரை போனது பெரிய விசயமில்லை. ஆனால் நேற்று ஒருவர், "மட்ச் பார்த்து எழுதுறதும் ஒரு வேலையா?" என்று கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

வேலைதான்.

1996 மார்ச் 17, லாகூரில் உலகக்கிண்ண இறுதி. போர்க்காலம், வன்னியில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. மாமா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பேசியது. அவர் கை ஓய்ந்தால் வர்ணனையும் தேய்ந்துபோகும், திரும்பக் குரல் வந்ததும் மொத்தத்தில் எத்தனை கூடியிருக்கிறது என்று கழித்துப் பார்த்து, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் எழுதினேன். அன்று பிடித்த பேனை. அந்தக் கொப்பி 2009 இடப்பெயர்வில் போய்விட்டது. எங்கள் கழகங்களின் ஸ்கோர் கொப்பிகள் எத்தனையோ அப்படித்தான் போயின.

அந்த இறுதியில் இலங்கையின் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் எடுத்த 107ஐ இன்றைக்கும் எவரும் தேடிப் பார்க்கலாம். அதே காலத்தில் எங்கள் ஊர் மைதானத்தில் சதம் அடித்தவர் சொன்னால் நம்ப ஆளில்லை, ஏனென்றால் அது எழுத்தில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

"இப்ப எல்லாரும் போனில லைவ் போடுறாங்களே" என்பீர்கள். சரி, போடட்டும், நானும் பார்க்கிறேன். அடுத்த வருடம் அந்தப் பெடியன் எத்தனை விக்கெட் எடுத்தான் என்று அதில் தேடி எடுத்துத் தாருங்கள் பார்ப்போம். நான் மைதானத்துக்கு வருவதே ஓசிச் சாப்பாட்டுக்குத்தான் என்று சொன்னவருக்குப் பதில் இல்லை. பெற்றோல் என் காசு.

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு அம்மா, மகனின் பெயர் வந்த பத்திரிகைத் துண்டை அடையாள அட்டையோடு பொலித்தீன் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். எடுத்துக் காட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார், "முதலெழுத்து பிழை தம்பி, அது தகப்பன்ர பேர்." தகப்பன் உயிரோடு இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பெடியனிடமும் முதலெழுத்தை இரண்டு தரம் கேட்காமல் மைதானத்தை விட்டு வருவதில்லை. ஞாயிறும் நின்றபடியே கேட்டேன். இதை வேலை இல்லை என்கிறீர்களா?

யாரிடமாவது 2009க்கு முந்திய எங்கள் பக்கத்து ஸ்கோர் கொப்பி, கிழிந்த ஒரு தாளாவது இருந்தால் படம் எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். பெயர்களைச் சரிபார்த்து எழுதி வைக்கிறேன்.