விசா செய்திக்குத் தரும் கவனத்தில் பாதியை வரிக் கணக்குக்கும் கொடுங்கள்

அமெரிக்காவில் வேலை விசாவிலும் படிப்பு விசாவிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். டெக்சஸில் வரிக் கணக்குத் தயாரிப்பதுதான் என் தொழில். ஒவ்வொரு சீசனிலும் ஒரே கவலையோடு எழுந்து போகிறேன், அதனால் இந்த நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 19 அன்று, புதிய எச்-1பி (வேலை விசா) மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அந்த வார இறுதியில் நம் வீடுகளில் யாரும் தூங்கவில்லை. ஊருக்குப் போயிருந்தவர்கள் கைக்குக் கிடைத்த டிக்கெட்டில் திரும்பி ஓடி வந்தார்கள். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது இல்லை என்று மறுநாளே சொன்னார்கள். இங்கிருந்தபடியே புதுப்பிப்பவர்களுக்கும், எஃப்-1 என்ற படிப்பு விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுபவர்களுக்கும் இல்லை என்ற விளக்கம் வர அக்டோபர் 20 ஆனது. அடுத்து, அக்டோபர் 30 முதல் போடும் ஈ.ஏ.டி. (வேலை அனுமதி அட்டை) புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த 540 நாள் நீட்டிப்பை நிறுத்தினார்கள். எச்-1பிகாரர்களின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் வேலை பார்க்கும் நம் பெண்களுக்கு அது பெரிய அடி. டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளையும் அலசத் தொடங்க, பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பிங் வாங்க இந்தியா போனவர்களின் நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப் போயின.

இவை எல்லாவற்றையும் நம் வாட்ஸ்அப் குழுக்கள் நிமிடத்துக்கு நிமிடம் அலசின. தப்பே இல்லை, பிழைப்பு சம்பந்தப்பட்டது. ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட நீங்களோ நானோ மாற்ற முடியாது. நம்மால் முழுக்கச் சரிசெய்ய முடிந்த வரிக் கணக்கைப் பற்றிப் பேச மட்டும் அதே குழுக்களில் ஆள் இல்லை. எனக்கு ஆதங்கம் அங்கேதான்.

முதலில் ஒரு அடிப்படை. விசா சட்டத்துக்கு நீங்கள் தற்காலிகமாக வந்தவர். வரிச் சட்டம் அதைப் பார்ப்பதில்லை, நாட்களை எண்ணுகிறது. இந்த வருடம் குறைந்தது 31 நாள் இங்கே இருந்து, இந்த வருட நாட்கள், போன வருட நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய வருடத்தில் ஆறில் ஒரு பங்கு, இந்த மூன்றும் சேர்ந்து 183ஐத் தொட்டால் வரிக்கு நீங்கள் இங்கே குடியிருப்பவர். எச்-1பி, எச்-4 இரண்டுக்கும் இதே கணக்குதான். அப்படியானால் மயிலாப்பூர் வீட்டு வாடகையும் கும்பகோணம் வங்கி டெபாசிட் வட்டியும் இங்கே கணக்கில் வர வேண்டும். வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கும் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) வட்டிக்கும் இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கும் இல்லை என்று நினைக்கிறவர்கள் ஏராளம். இங்கே உண்டு.

எஃப்-1 மாணவர்கள் கதை வேறு. முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்கு அவர்களின் நாட்கள் எண்ணிக்கையில் சேராது. அவர்கள் போட வேண்டியது குடியிருக்காதவர்களுக்கான 1040-என்.ஆர். படிவமும், நாட்கள் எண்ணிக்கையில் சேராது என்று காட்டும் 8843உம். ஆனால் பலர் இலவச மென்பொருளில் உட்கார்ந்து, குடியிருப்பவர் போல 1040 போட்டு, படிப்புச் சலுகையும் வாங்கிவிடுகிறார்கள். அப்படிப் போட்டிருந்தால் 1040-எக்ஸ் போட்டுத் திருத்துங்கள். இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு தரும் நிலையான கழிவு மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. அதை விடாதீர்கள். அதே ஐந்து வருடங்களுக்குள், படிப்பை ஒட்டி வேலை செய்ய அனுமதிக்கும் ஓ.பி.டி.யில் இருக்கும்போது சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியத்துக்கான வரி) பிடித்திருந்தாலும் கேட்டுத் திரும்பப் பெறலாம்.

இப்போது என் பெரிய கவலைக்கு வருகிறேன். எஃப்பார், அதாவது வெளிநாட்டு வங்கிக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் ஃபின்சென் 114 படிவம். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உங்கள் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினால், ஏறக்குறைய ஒன்பது லட்சம் ரூபாய், இதைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வரிப் படிவத்தோடு போகாது, தனியாக ஆன்லைனில் போட வேண்டும். இதற்கென்று வரி எதுவும் இல்லை, தகவல் மட்டுமே. ஆனால் "எனக்கு அங்கே ஒன்றும் இல்லை சார்" என்று சொல்பவரிடம் கொஞ்சம் கிளறினால், அப்பாவோடு ஒரு ஜாயின்ட் அக்கவுண்ட் வரும். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது பெயர் சேர்த்தது. பணம் முழுக்க அப்பாவின் ஓய்வூதியப் பணம். இருந்தாலும் அதன் முழுத் தொகையும் உங்கள் எண்ணிக்கையில் வரும். சரண்டர் மதிப்பு உள்ள எல்.ஐ.சி. பாலிசியும் வரும், மியூச்சுவல் ஃபண்டும் வரும். சொந்தப் பெயரில் உள்ள வீடு, நிலம், அம்மாவின் பீரோவில் இருக்கும் நகை ஆகியவை வராது.

இந்தச் சட்டத்தின் வேர் 1970ஆம் வருடத்து வங்கி ரகசியச் சட்டத்தில் இருக்கிறது. பணத்தை வெளிநாட்டில் பதுக்குகிறவர்களைப் பிடிக்க வந்தது, இன்று பெற்றோரின் சேமிப்பில் பெயர் போட்ட ஒரு சாதாரணப் பொறியாளரைப் பயமுறுத்துகிறது. 10,000 டாலர் என்ற வரம்பைப் பல பத்தாண்டுகளாக உயர்த்தாதது அநியாயம் என்பதே என் கருத்து. ருமேனியாவிலிருந்து வந்து அமெரிக்கக் குடிமகனான பிட்னர் என்பவருக்கு, ஐந்து வருடப் படிவங்களைத் தாமதித்ததற்காக, கணக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று பெருக்கி 27.2 லட்சம் டாலர் அபராதம் போட்டது அரசு. தெரியாமல் நடந்த தவறுக்குக் கணக்கு வாரியாக அல்ல, படிவத்துக்கு ஒன்றாகத்தான் அபராதம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அது 50,000 டாலராகக் குறைந்தது. பெரிய நிம்மதிதான். ஆனாலும் ஒன்றுமே மறைக்காத ஒரு குடும்பத்துக்கு 50,000 டாலர் என்ன தொகை என்று யோசியுங்கள்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று சிலர் கேட்கிறார்கள். 2015 ஜூலையில் அமெரிக்காவில் வரி கட்டுவோரின் கணக்கு விவரங்களை அமெரிக்காவுக்குத் தெரிவிக்கும் ஃபாட்கா ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டுவிட்டது. உங்கள் வங்கி கேட்ட ஃபாட்கா உறுதிமொழி அதற்காகத்தான்.

ஊரில் ஓடும் எஸ்.ஐ.பி.யை (மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை முதலீடு)ப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளை அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். 'பிஃபிக்' என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவன வகையில் சேர்க்கிறது. விற்கும்போது லாபத்தை வைத்திருந்த வருடங்களுக்கெல்லாம் பிரித்து, உச்ச வரி விகிதம் போட்டு, அதன் மேல் வட்டியும் கேட்கும். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனி 8621 படிவம். விமானம் ஏறும் முன்பே இதைத் தீர்த்துவிட்டு வருவது நல்லது. வந்துவிட்டீர்கள் என்றால், முதல் வேலையாக எஸ்.ஐ.பி.யை நிறுத்துங்கள்.

அப்பா நிலத்தை விற்று வீடு வாங்கப் பணம் அனுப்பினால் உங்களுக்கு வரி இல்லை. ஆனால் வருடத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால் 3520 படிவம் போட வேண்டும். போடாவிட்டால் அபராதம் அந்தத் தொகையில் 25 சதவீதம் வரை போகலாம். நீங்களே இந்தியாவில் வீடு விற்றால், வாங்குபவர் உள்ளூர்க்காரருக்குப் பிடிப்பது போல 1 சதவீதம் டி.டி.எஸ். (விலையைக் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்தால் போதாது. நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதமும் செஸ், சர்சார்ஜும் பிடிக்க வேண்டும், நடைமுறையில் முழு விலை மீதே பிடித்துவிடுவார்கள். கிரயத்துக்கு முன்பே குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு வருமான வரித் துறையிடம் விண்ணப்பியுங்கள். பழைய சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிப்போருக்கான என்.ஆர்.ஓ.வாக மாற்றாமல் வைத்திருப்பது ஃபெமா (இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்டம்) விதிப்படி தவறு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு அனுப்பும் பணத்துக்கெல்லாம் வரி என்று ஒரு ஃபார்வேர்டு சுற்றுகிறது. 2026 ஜனவரி 1 முதல் வந்திருக்கும் 1 சதவீதம் ரொக்கம், மணி ஆர்டர், கேஷியர்ஸ் செக் போன்றவற்றைக் கொடுத்து அனுப்பினால் மட்டும்தான். வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பும் பணத்துக்கு இல்லை.

குடிவரவுக் கோப்பும் வரிக் கோப்பும் வேறு வேறு என்று யாரும் நினைக்க வேண்டாம். குடியுரிமைக்கான என்-400 படிவத்திலேயே வரி பாக்கி உண்டா என்று கேட்கிறார்கள். பச்சை அட்டை வாங்கிய பிறகு வரிப் படிவத்தில் உங்களைக் குடியிருக்காதவர் என்று காட்டினீர்களா என்றும் கேட்கிறார்கள். எச்-1பியில் வேலை போனால் இங்கே தங்க 60 நாள்தான் கையில் இருக்கும். அந்த 60 நாளில் புது வேலை தேடுவீர்களா, ஐந்து வருடத்து வங்கி ஸ்டேட்மென்ட் தேடுவீர்களா?

பழைய வருடங்கள் விட்டுப்போயிருந்தால் இந்த வருடத்திலிருந்து மட்டும் சத்தமில்லாமல் தொடங்காதீர்கள். வருமானம் எல்லாவற்றையும் காட்டி எஃப்பார் மட்டும் தவறியிருந்தால், ஐ.ஆர்.எஸ். தொடர்புகொள்ளும் முன் காரணம் எழுதித் தாக்கல் செய்ய வழி இருக்கிறது, பெரும்பாலும் அபராதமே வராது. வட்டியையும் காட்டாமல் விட்டிருந்தால் 'ஸ்ட்ரீம்லைன்டு' என்ற திட்டம் உண்டு, இங்கே வசிப்பவர்களுக்கு வெளிநாட்டு நிதிச் சொத்தின் மதிப்பில் 5 சதவீத அபராதம். தெரிந்தே மறைத்தவர்கள் என்னைப் போன்ற கணக்காளரிடம் வராமல் நேராக ஒரு வரி வழக்கறிஞரிடம் போங்கள்.

இந்தியாவில் வங்கி கொடுக்கும் வட்டிச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கானது, நமக்கு இங்கே வேண்டியது ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போடும்போது, உங்கள் பெயர் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் 2025 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை ஸ்டேட்மென்ட் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வருடத்தில் அதிகபட்ச இருப்பு எந்தத் தேதியில் எவ்வளவு என்று அதில் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்பாருக்குக் கெடு ஏப்ரல் 15, தவறினால் யாரிடமும் கேட்காமலே அக்டோபர் 15 வரை நேரம் உண்டு.