கல்லூரியை விமர்சித்தால் 66ஏ பிரிவில் சிறையா? தவறான தகவல்

“கல்லூரி நிர்வாகத்தை இணையத்தில் விமர்சித்தால் 66ஏ பிரிவில் 3 ஆண்டு சிறை” என்று புதுச்சேரி, கடலூர் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்றே உச்ச நீதிமன்றம் முழுவதுமாக ரத்து செய்துவிட்டது. 2012இல் புதுச்சேரி வணிகர் ஒருவர் ட்விட்டர் பதிவுக்காகக் கைதானது இதே பிரிவில்தான். செத்துப்போன சட்டத்தைக் காட்டி அதே ஊர்ப் பிள்ளைகளை இன்னும் மிரட்டுவது அநியாயம்.

அவதூறு, கொலை மிரட்டல், சாதி இழிவு ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் உண்டு; அவை செல்லும். கல்லூரியும் தன் விதிப்படி நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் குற்றச்சாட்டைத் தெரிவித்து, விளக்கம் கேட்ட பிறகே நீக்க முடியும். “நாளையிலிருந்து வராதே” என்று வாய்மொழியாகச் சொன்னால், உத்தரவை எழுத்தில் கேளுங்கள். அது கையில் இல்லாவிட்டால் மேல்முறையீடு செய்வது கடினம்.