புரட்டாசியில் தொட்டிக் கோழி

(சிங்கப்பூர், தேக்கா சந்தை. புரட்டாசி சனிக்கிழமை. ஆட்டிறைச்சிக் கடையில் ஓட்டுவதற்கு ஈ கூட இல்லை. பெருமாள் கோயிலிலிருந்து நெற்றி நிறைய நாமத்தோடு ஒரு தம்பி வருகிறார்.)

பாய்: என்ன தம்பி, நாமத்தோடு கறிக்கடைக்கு? காய்கறி அந்தப் பக்கம்.

தம்பி: வாங்க வரவில்லை பாய், ஒரு சந்தேகம். அறுக்காமல் வருகிற கோழி விரதத்துக்கு ஆகுமா?

பாய்: அறுக்காவிட்டால் அது நடந்து வரும். எப்படித் தின்பாய்?

தம்பி: ஆய்வகத்தில் வளர்க்கிற கோழிக்கறி பாய். உலகத்திலேயே முதலில் விற்க அனுமதி கொடுத்தது நம் ஊர்தான், 2020 டிசம்பரில். கோழியின் செல்லைக் கொஞ்சம் எடுத்து, பீர் காய்ச்சுகிற மாதிரி எஃகுத் தொட்டியில் விட்டு, சர்க்கரை, அமினோ அமிலம் எல்லாம் ஊட்டினால் கறியாகப் பெருகிவிடும்.

பாய்: எலும்பு?

தம்பி: கிடையாது.

பாய்: ஈரல்?

தம்பி: அதுவும் கிடையாது.

பாய்: கொழுப்பாவது இருக்குமா?

தம்பி: 2013இல் லண்டனில் இப்படி முதல் மாட்டு பர்கர் செய்தபோது, சாப்பிட்டவர்களே கொழுப்பு இல்லை என்றுதான் சொன்னார்கள். அந்த ஒரு பர்கருக்கு ஆன செலவு 250,000 யூரோ.

பாய்: கொழுப்பு இல்லையா? செலவு பண்ணியவனிடம் இருந்திருக்கும், தேடிப் பார்க்கச் சொல்.

தம்பி: கிண்டல் வேண்டாம் பாய். விரதம் எதற்கு? உயிரைக் கொல்லக்கூடாது என்றுதானே? இங்கே உயிரே போகவில்லையே!

பாய்: தொட்டியில் வேறு என்ன ஊட்டுகிறார்கள் என்று கேட்டாயா? என் மகள் பாலிடெக்னிக்கில் இதைத்தான் படிக்கிறாள். சினைப் பசுவை அறுக்கும்போது வயிற்றில் இருக்கிற கன்றின் ரத்தத்திலிருந்து ஒரு சீரம் எடுப்பார்களாம். 2020இல் அனுமதி வாங்கிய கோழியை வளர்க்க அதுவும் சேர்த்தார்கள்.

தம்பி: (நாமத்தைத் தொட்டு) பெருமாளே! கோழியைக் காப்பாற்றப் பசுவா?

பாய்: பதறாதே. 2023இல் சீரம் இல்லாமல் வளர்க்கவும் அனுமதி வந்துவிட்டது.

தம்பி: இதை முதலில் சொல்லக்கூடாதா? போன உயிர் திரும்பி வந்தது.

பாய்: யாருடையது? பசுவுடையதா?

தம்பி: சரி, உங்கள் பக்கம் என்ன சொல்கிறார்கள்?

பாய்: 2024 பிப்ரவரியில் எங்கள் இஸ்லாமிய சமய மன்றம், முயிஸ், தெளிவாகச் சொல்லிவிட்டது. நாங்கள் உண்ணத்தக்க பிராணியின் செல்லாக இருந்து, ஹராமான பொருள் எதுவும் சேராவிட்டால், சாப்பிடலாம். உங்களுக்கு யார் சொல்வார்கள்?

தம்பி: என் மாமியார்.

பாய்: மேல்முறையீடு?

தம்பி: கிடையாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது பாய். 2024இல் டெம்ப்ஸி பக்கம் ஒரு கடையில் விற்றார்கள், 120 கிராம் 7 வெள்ளி 20 காசு. அதில் கோழி செல் வெறும் 3 சதவீதம்தான். மிச்சம் தாவரப் புரதம். 97 சைவம், 3 அசைவம். அத்தையிடம் 97ஐ மட்டும் சொன்னால்?

பாய்: மூன்று பங்குக்கா இத்தனை வழக்கு? என் வெட்டுக்கட்டையில் கை வைத்திருக்கிறாயே, கழுவாமல் பிரசாதம் தின்றால் அந்த மூன்று பங்கு இனாமாகவே உள்ளே போய்விடும்.

(தம்பி பதறிக் கையை எடுக்கிறார்.)

தம்பி: பேசுங்கள், பேசுங்கள். அறுக்கிற பாவம் உங்களுக்குத்தானே?

பாய்: நான் எங்கே அறுத்தேன்? ஆஸ்திரேலியாவிலேயே அறுத்து அனுப்பிவிடுகிறார்கள். கத்தியை ஆட்டுக்குக் காட்டக்கூடாது, ஒன்றின் கண் முன்னால் இன்னொன்றை அறுக்கக்கூடாது என்று எங்களுக்கு முறை இருக்கிறது. அதையெல்லாம் அங்கே முகம் தெரியாத எவனோ பார்த்துக்கொள்கிறான். நான் துண்டு போடுகிறேன், நீ தின்கிறாய். நம் ரெண்டு பேரில் யார் அந்த ஆட்டைப் பார்த்தது?

தம்பி: பார்த்திருந்தால்?

பாய்: (யோசித்து) நீ வாங்கியிருக்க மாட்டாய். நான் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருப்பேன்.

(கொஞ்ச நேரம் இருவரும் தொங்குகிற தொடையைப் பார்க்கிறார்கள்.)

தம்பி: பாவம் பாய்.

பாய்: பாவம்தான்.

தம்பி: நல்ல இளங்கறியோ?

பாய்: பஞ்சு மாதிரி வேகும்.

தம்பி: ஐப்பசி முதல் தேதிக்கு நெஞ்செலும்பு ரெண்டு கிலோ எடுத்து வையுங்கள்.

பாய்: உனக்கு முன்னால் நாற்பது பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதில் முதல் பெயர் உன் மாமியாருடையது.