மேற்கோள் பட்டியலைச் சுத்தம் செய்தே பாதி ஆராய்ச்சி போச்சு

ராத்திரி பதினோரு மணிக்கு 1,840 கட்டுரைகளின் விவரத்தை ஆய்வுக் கட்டுரைத் தரவுதளத்திலிருந்து இறக்க உட்கார்ந்தேன். ஒரு தடவைக்கு 500தான் தருமாம். நாலு தடவை இறக்கி, நாலு கோப்பையும் மேற்கோள்களைத் தொகுத்து வைக்கும் மென்பொருளில் ஏற்றினால் வந்து விழுந்தது அத்தனையும் குப்பை.

ஆசிரியர் பெயரைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தை ‘ஆர்கனைசேஷன், டபிள்யூ. ஹெச்.’ ஆக்கி வைத்திருக்கிறது. ஒரு நிறுவனத்துக்குக் குடும்பப் பெயர் ஏது, இனிஷியல் ஏது? நம்ம ஊர்ப் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். அப்பா பெயர் முன்னால் போய் நிற்கும், பிள்ளை பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடும். ராப்பகலாக உழைத்து எழுதியவர் யார், பெயர் போய்ச் சேருவது யாருக்கு?

தலைப்பு ஒன்று முழுக்கப் பெரிய எழுத்தில், அடுத்தது சின்ன எழுத்தில். ஜெர்மன், பிரெஞ்சுப் பெயர்களில் குறியிட்ட எழுத்தெல்லாம் கேள்விக்குறி. பக்க எண் காணோம். ஒரே கட்டுரை மூன்று முறை வருகிறது. ஒன்றில் முற்றுப்புள்ளி கூடுதலாக இருந்தால் அது வேறு கட்டுரையாகிவிடுமா?

பொறுக்காமல், இறக்கிய ஆர்.ஐ.எஸ். (மேற்கோள் விவரத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் வடிவம்) கோப்பையே திறந்து பார்த்தேன். ‘டி.ஒய்.’ என்று தொடங்கி ‘இ.ஆர்.’ என்று முடியும் வெறும் எழுத்துக் கோப்பு. ‘ஏ.யூ.’ என்றால் ஆசிரியர், ‘பி.ஒய்.’ என்றால் ஆண்டு. அவ்வளவுதான்! இதை ஒருவர் ஒழுங்காக எழுதி, இன்னொருவர் ஒழுங்காகப் படிக்க இத்தனை வருஷம் போதவில்லையா?

மணி நாலரை. ஒவ்வொன்றாகக் கையால் திருத்திக்கொண்டு இன்னும் 212ஆவது பதிவில்தான் இருக்கிறேன். காலையில் நெறியாளர் பட்டியல் கேட்பார்.