கம்பளத்தில் பிழை தேடுபவர்கள்

பாரசீகக் கம்பளம் விற்பவர்களிடம் தவறாமல் ஒரு கதை இருக்கும். முழுமை இறைவனுக்கே உரியது என்பதால் நெசவாளர் ஒவ்வொரு கம்பளத்திலும் வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டுவைப்பார் என்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் நானும் தலையாட்டிக்கொண்டே இதைக் கேட்டேன். கடைக்காரர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், அடர்சிவப்பு நிறம் ஒரு சாண் அகலத்துக்கு வெளிறி, பிறகு மறுபடியும் அடர்ந்திருந்தது. கதை அழகானதுதான். ஆனால் நெய்தவரின் உழைப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

நம் பவானி ஜமக்காளத்தில் நீளவாட்டு இழையான பாவும் குறுக்கு இழையான ஊடையும் மட்டுமே உண்டு. முடிச்சுக் கம்பளத்திலோ, பாவின் இரண்டிரண்டு இழைகளில் சிறு கம்பளி நூலை முடிந்து நுனியை வெட்டிவிடுகிறார்கள். ஒரு வரிசை முடிந்ததும் ஊடையைச் செலுத்தி, சீப்பு போன்ற கருவியால் இறுக அடிக்கிறார்கள். கம்பளத்தைப் புரட்டிப் பார்த்தால் அந்த முடிச்சுகள் கடுகு பரப்பியதுபோல் வரிசை வரிசையாகத் தெரியும். அன்று எனக்குக் காட்டிய வெளிறிய பட்டைக்கு 'அப்ராஷ்' என்று பெயர். ஆடுமாடுகளோடு இடம்பெயரும் நாடோடிக் குடும்பங்கள் மஞ்சிட்டி இன வேரையும் அவுரியையும் மாதுளைத் தோலையும் கொண்டு சிறு பாத்திரங்களில் சாயம் காய்ச்சின. ஒரு முறை சாயம் ஏற்றிய நூல் தீர்ந்துபோய், அடுத்த முகாமில் வேறு தண்ணீரில், வேறு கம்பளியில் மறுபடி சாயம் ஏற்றும்போது நிறம் அப்படியே வருமா? அது அவர்கள் நடந்த வழியின் தடம். அதில் இறையியல் தேட வேண்டியதில்லை.

இந்தக் கைத்திறனின் வயதும் சாதாரணமானதன்று. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்னுமிடத்துக் கல்லறையில் 1949இல் கிடைத்த கம்பளம் ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் பழையது. கல்லறைக்குள் புகுந்த நீர் உறைந்து பனிக்கட்டியானதால் அது மட்கவில்லை. மான்களும் குதிரை வீரர்களும் வரிசையாகச் செல்லும் அதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 36 முடிச்சுகள். நமக்குக் கிடைத்த மிகப் பழைய முழுக் கம்பளமே இத்தனை தேர்ச்சியோடு இருக்கிறது என்றால், அதற்கு முன் எத்தனை தலைமுறைகள் தறியில் உட்கார்ந்திருக்க வேண்டும்!

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபில் கம்பளத்துக்கும் இதே பிழைக்கதையைப் பொருத்துகிறார்கள். ஈரானின் அர்தபில் நகரில் உள்ள சூஃபி ஞானி ஷேக் சஃபியின் அடக்கத்தலத்துக்காக, ஹிஜ்ரி 946இல், அதாவது 1539–40இல், நெய்யப்பட்டது அது. பத்தரை மீட்டர் நீளம், ஐந்தே கால் மீட்டருக்கும் சற்று மேற்பட்ட அகலம், பட்டுப் பாவு, சதுர அங்குலத்துக்குச் சுமார் 340 முடிச்சுகள். கணக்குப் போட்டால் இரண்டரைக் கோடியைத் தாண்டும். நடுப்பதக்கத்திலிருந்து இருபுறமும் தொங்கும் இரண்டு விளக்குகளில் ஒன்று சிறியது, மற்றது பெரியது. பணிவுக்காக விட்ட பிழை என்கிறார்கள் சிலர். சிறிய விளக்கின் பக்கம் அமர்ந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அளவாகத் தெரிவதற்கான உத்தி என்கிறார்கள் வேறு சிலர். எது சரியானாலும், முடிச்சு முடிச்சாகத் திட்டமிட்ட வேலையில் அது தெரிந்தே எடுத்த முடிவு. அதைப் பிழை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கம்பளத்தின் ஒரு முனையில் பாரசீகக் கவிஞர் ஹாபிஸின் ஈரடியும், அதன் கீழே மக்சூத் காஷானி என்ற பெயரும் உள்ளன. அவர் நெய்தவர் அல்லர், அரசவை சார்பில் பணியை நடத்திய பொறுப்பாளர் என்றே கருதப்படுகிறது. ஒரே நேரத்தில் பத்துப் பேர் வரை தறியில் அமர்ந்திருக்கலாம். அவர்களில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை.

1893இல் ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் பரிந்துரையின் பேரில் 2,000 பவுண்டுக்கு அருங்காட்சியகம் இதை வாங்கியது. அப்போது அது குறையில்லாமல் காட்சியளித்ததற்குக் காரணம், அதே அளவில் நெய்யப்பட்ட அதன் ஜோடிக் கம்பளத்தை வெட்டி இதை ஒட்டுப்போட்டிருந்ததுதான். அந்த ஜோடி இப்போது லாஸ் ஏஞ்சலிஸில், சுற்றுக்கரை இல்லாமல் இருக்கிறது.