அந்த ஒரு மாதம் எங்கே போனது?

படங்களும் கேம்களும் போரின் காரணங்களைச் சுருக்கிச் சொல்வதில் பெரிய பாதகமில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. 2021-ல் வந்த 'தி கிங்ஸ் மேன்' படத்தில் முதல் உலகப் போரையே ஒரு ரகசியக் கும்பல் மூட்டிவிடுகிறது. கற்பனைதான், சரி. ஆனால் 1914 ஜூன் 28-ல் சரயேவோ நகரில் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் கொல்லப்பட்டதற்கும், ஜூலை 28-ல் அந்த நாடு செர்பியாமீது பழிபோட்டுப் போர் அறிவித்ததற்கும் நடுவே முழுதாக ஒரு மாதம் இருந்தது. அந்த மாதத்தில் ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு ஜெர்மனி நிபந்தனையில்லாமல் ஆதரவு தந்தது. செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு விதிக்கப்பட்டது. செர்பியாவின் பக்கம் நின்ற ரஷ்யா படைத் தயாரிப்பில் இறங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். போடாமலும் இருந்திருக்கலாம். என்னை நடுங்கவைப்பது அதுதான். படத்தில் அதற்கு இடமே இல்லை.

சுடும் கேம்களில் நாம் நுழையும்போதே போர் நடந்துகொண்டிருக்கும், ஏன் என்று கேட்க நேரமிருக்காது. வியூக கேம்கள் எவ்வளவோ மேல். 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4'-ல் ஒரு நாட்டின்மீது படையெடுக்க, பெரும்பாலும் முதலில் அரசியல் பலத்தையும் நாட்களையும் செலவழித்து ஒரு காரணத்தைத் தயாரிக்க வேண்டும். நிஜத்திலும் அப்படித்தானே நடந்தது? 1939 ஆகஸ்ட் 31-ல் ஜெர்மனியின் எல்லையோர ஊரான கிளைவிட்ஸில் இருந்த தங்கள் வானொலி நிலையத்தை நாஜிகளே தாக்கிவிட்டு, போலந்தின்மேல் பழிபோட்டு, மறுநாளே உள்ளே நுழைந்தார்கள்.